சுவருக்கு அந்தப் பக்கமும் அதே எண்

பதினொன்றரைக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. தையற்காரம்மா வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையையும் பையின் மேல் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு, அவருடைய டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பெரிய மீன் ஒரு சின்ன மீனைத் துரத்திக்கொண்டிருந்தது. தையற்காரம்மா ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்தபடி, மீனை ஒரு கண்ணாலும் என்னை ஒரு கண்ணாலும் பார்த்தார். “படம் தெளிவா வருதான்னு வீடு வீடா பாக்குறோம்மா” என்று சொல்லித்தான் உள்ளே வந்திருந்தேன். அது பொய் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பதிவேட்டின்படி இந்த வீட்டில் ஆறு வருஷமாகக் கேபிள் இணைப்பே கிடையாது.

என் வேலை இதுதான். அடையாள அட்டையில் ‘சரிபார்ப்பாளர்’ என்று போட்டிருக்கிறது. தெருக்களில் எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. ஆம்பளை போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விடமாட்டார்கள், பொம்பளை என்றால் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மேனேஜருக்கு ஒரு ஞானோதயம் பிறந்தது. அன்றிலிருந்து ஊரார் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர்களையே காட்டிக்கொடுத்து வருகிறேன். முன்பெல்லாம் அது உறுத்தும். இப்போது கால் வலிதான் பெரிதாகத் தெரிகிறது.

திருட்டைப் பிடிக்க மூன்று வழி வைத்திருக்கிறோம். கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு வயரிலும் கலர் பட்டை கட்டியிருக்கும். பட்டை இல்லாத வயர் என்றால் கள்ள வயர். இரண்டாவது, மீட்டர். திருட்டுத்தனமாகச் சேர்த்த இடத்தில் இணைப்பு சரியாக உட்காராது, சிக்னல் கசியும். தெருவில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்த இடத்தில் கீச்சென்று கத்தும். இரண்டிலும் சிக்காதவர்களுக்குத்தான் மூன்றாவது வழி. குறித்த நேரத்தில் கன்ட்ரோல் ரூமில் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்தத் தெருவில் ஓடுகிற ஒவ்வொரு டிவியிலும், அதற்குப் படம் கொடுக்கிற செட்டாப் பாக்ஸின் எண் ஒரு நிமிஷம் மின்னிவிட்டு மறையும். ஒரு வீட்டு பாக்ஸிலிருந்து நாலு வீட்டுக்கு வயர் இழுத்திருந்தால் நாலு டிவியிலும் ஒரே எண் வரும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் ஏதாவது ஒரு வீட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு பெரியவர் அந்த எண்ணைப் பரிசு விழுந்த எண் என்று நினைத்து நோட்டில் எழுதி வைத்து, எங்கள் ஆபீசுக்கே வந்து பரிசு கேட்டார். அவர் மச்சானுடைய பாக்ஸ் எண் அது. இருவரையும் சேர்த்துப் பிடித்தோம்.

இந்தத் தெரு என்னுடையது இல்லை. இதைப் பார்க்கிற பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். அந்தத் தெருவில்தான் என் அப்பா இருக்கிறார், வேறு தெரு கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். “உங்கப்பா வீட்லயா மேடம் திருட்டு நடக்கப் போகுது?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா போன பிறகு அப்பா இந்த வரிசை வீடுகளில் ஒன்றை எடுத்துத் தனியாக இருக்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தையற்காரம்மாவுக்கும் அவருக்கும் ஒரே சுவர். குடிவந்த இரண்டாம் வருஷமே சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்று இருவருக்கும் பெரிய சண்டை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தம்மா சுவரில் டொக் டொக்கென்று தட்டும். அப்பா உடனே முகத்தைச் சுளித்து ரிமோட்டை எடுத்து எதையாவது அமுக்குவார். டிவி சத்தத்துக்குத்தான் சண்டை இழுக்கிறது என்று நினைத்து, ஒருநாள் நானே சுவரைப் பார்த்து, “கொஞ்சம் சும்மா இருங்களேன், வயசானவரு பாக்குறாருல்ல?” என்று கத்தியிருக்கிறேன்.

பதினொன்றரை ஆனது. பெரிய மீனின் வயிற்றின் மேல் எண் மின்னியது.

பன்னிரண்டு இலக்கம். பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் என் கையால் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற எண் அது. அப்பா வீட்டுக்கு என் பேரில் கொடுத்த ஊழியர் குடும்பச் சலுகை இணைப்பு. ‘இந்த இணைப்பு ஒரே வீட்டில், ஒரே டிவிக்கு மட்டும் பயன்படுத்தப்படும். மீறினால் நிறுவனம் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.’ போன வருஷம் ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர், மச்சினன் கடைக்குத் தன் வீட்டு பாக்ஸிலிருந்து வயர் கொடுத்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அவருடைய போட்டோவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இன்னும் எடுக்கவில்லை. தினமும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு முதுகு போய் இரண்டு வருஷமாகிறது. வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான்.

“இந்த நம்பர் அப்பப்போ வருதும்மா. என்ன நம்பர் அது?” என்றார் தையற்காரம்மா.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. வெளியே தெருவில் ஏணியோடு நிற்கிற லைன்மேன். எங்கள் ஆபீசில் அவரை ஏணி அண்ணன் என்போம். ஒன்பது வருஷமாக அவர் தெருவில், நான் வீட்டுக்குள். நான் எண்ணைச் சொன்னால் அவர் தன் தாளில் எழுதிக்கொள்வார். அது கன்ட்ரோல் ரூமுக்குப் போகும்.

“சொல்லும்மா, எழுதிக்கிறேன்.”

“டிவி ஓடல அண்ணே” என்றேன்.

“சரி” என்று வைத்துவிட்டார். டிவியில் அந்தச் சின்ன மீன் பாறைக்குள் புகுந்துவிட்டது.

தையற்காரம்மா ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார். நான் யாரென்று அவருக்கு நன்றாகவே தெரியும், வந்ததிலிருந்து தெரியாத மாதிரி இருந்தார், இப்போது அந்த நடிப்பை விட்டுவிட்டார். “டிரைவர் பொண்ணுதானே நீ. எதுக்கும்மா எனக்காகப் பொய் சொல்ற?” என்றார். பொய் எனக்காகத்தான் சொன்னது. எழுந்து போய் டிவிக்குப் பின்னால் பார்த்தேன். சுவரில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து கறுப்பு வயர். நுனியில் நல்ல பித்தளை முனை, சுற்றிலும் ஒழுங்காக டேப். எங்கள் ஆட்கள் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். அம்மா இருந்தவரை அவள்தான் எங்களுக்கு நடுவில் பேசுவாள். அந்த மௌனம் பொறுக்காமல் நான் ஆபீஸ் கதையை எடுத்துவிடுவேன். பட்டை இல்லாத வயரை எப்படிப் பார்த்தோம், மீட்டர் எங்கே கத்தும், மட்டமான முனை போட்டால் எப்படி மாட்டுவார்கள், பாக்ஸுக்கு அப்புறம் போகிற வயர் எங்கள் மீட்டருக்குக் கேட்கவே கேட்காது என்பதுவரை. அப்பா கண் கொட்டாமல் கேட்பார். “அப்புறம்?” என்பார். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் “அப்புறம்” என்று கேட்டது அதற்கு மட்டும்தான். மகள் உத்தியோகத்தைப் பற்றி அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை என்று பூரித்துப் போயிருந்தேன். மனுஷன் டியூஷன் எடுத்திருக்கிறார்.

“யாரு இத போட்டது?” என்று தெரிந்தே கேட்டேன்.

தையற்காரம்மா சொன்னது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகன் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னான். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கட்டிலை ஒருத்திக்கும் மிக்சியை ஒருத்திக்கும் கொடுத்தார். கேபிள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து பாக்ஸையும் திருப்பிக் கொடுத்தார். மகன் அடுத்த மாதம் என்றான், அப்புறம் அடுத்த வருஷம் என்றான். கட்டிலைத் திருப்பிக் கேட்க முடியாது. கேபிள் ஆபீசுக்குப் போய் நான் எங்கேயும் போகவில்லை, மறுபடியும் கொடுங்கள் என்று நிற்கவும் கூச்சமாக இருந்தது. “போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போகாம இருக்குறவள யாரும்மா மதிப்பா?” பழைய டிவி மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லி மிஞ்சியிருந்தது. சும்மா அதன் முன்னால் உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஒருநாள் மத்தியானம் கர்ர்னு சத்தம். பாத்தா செவுத்துலேருந்து டிரில் ஊசி எட்டிப் பாக்குது. எனக்கு வந்துச்சு பாரு கோவம். சாக்கடைல ஆரம்பிச்சவன் இப்ப செவுத்தயே இடிக்கிறானேன்னு சண்டை போடத்தான் எழுந்தேன். நான் கதவாண்ட போறதுக்குள்ள ஊசி உள்ள போய், அந்த ஓட்டைல வயர் வந்துடுச்சு. என்னத்த சண்ட போட?”

“அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கலயா?”

“எதுக்குப் பேசணும்? சண்டை சண்டைதானே.”

ஒரே பாக்ஸ் என்பதால் அப்பா டிவியில் எது ஓடுகிறதோ அதுதான் இங்கேயும் ஓடும். ரிமோட் அப்பாவிடம். முதல் ஒரு வாரம் அவர் போட்ட மல்யுத்தத்தையும் செய்தியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாராம். எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் சுவரில் ஓங்கித் தட்டினார். சேனல் மாறியது. மறுபடி தட்டினார், மறுபடி மாறியது. அப்படியே பழகிவிட்டது. ஒரு தட்டு என்றால் அடுத்த சேனல். இரண்டு தட்டு என்றால் முன்னால் போனதே தேவலை. என் அப்பா சீரியல் கதையெல்லாம் பேச ஆரம்பித்தபோது, “அந்த மாமியார் சாகல, நடிக்கிறா” என்று ஒருநாள் என்னிடம் அடித்துச் சொன்னபோது, வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான் பையை எடுத்தேன். கிளம்பும்போது, எதையோ சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல அவர் சொன்னார். “போன வருஷம் உங்கப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரே. அன்னிக்கி தட்டினேன், மாறல. விளம்பரம் ஓடுது. திரும்பத் தட்டினேன். விளம்பரம் மேல விளம்பரம் போய்க்கிட்டே இருக்கு. அந்த மனுஷன் ஒரு விளம்பரத்துல கால் நிமிஷம் நிக்க மாட்டாரு. ஓடிப்போய்க் கடைசி வீட்டுக்காரங்களக் கூட்டிட்டு வந்து கதவ ஒடைக்கச் சொன்னேன்.”

யாரோ பக்கத்தில் இருந்தவர்கள் கதவை உடைத்தார்கள் என்று மட்டும்தான் எனக்கு அன்று சொன்னார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

“நீங்க உள்ள வரலயா?”

“வாசல்லயே நின்னுட்டேன். பேசுறதில்லையே” என்றார் தையற்காரம்மா.

வெளியே ஏணி அண்ணன் கம்பத்தில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தார், ஆடை கட்டிப் போயிருந்தது. டிவி சத்தம் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு நன்றாகவே கேட்டது. அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. எதிர்வரிசை மொட்டை மாடியைப் பார்த்தபடி, “எனக்கு ரெண்டு காதும் நல்லா கேக்குதும்மா” என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் கீழே ஊற்றினார்.

“வீடு வீடா குடுத்த நோட்டீசுல என்ன போட்டிருக்கோம்? பத்து நாளைக்குள்ள தானா வந்து சொன்னா நடவடிக்கை இல்லன்னு. இன்னிக்கு ஏழாவது நாள். ‘ஓடல’ன்னே எழுதிட்டேன். ஆனா பத்தாவது நாள் சாயங்காலம் மறுபடி நம்பர் விடுவாங்க. அன்னிக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தனுக்காக ஒரு தடவ மறச்சு, பதினஞ்சு நாள் என்னை வெளிய நிறுத்தினாங்க, தெரியும்ல?”

தெரியும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அடுத்த தெருவுக்குப் போனார்.

அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்த நோட்டீஸ். நானே போன ஞாயிறு கொண்டுவந்து கொடுத்தது. அதை நாலாக மடித்துத் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார். அவர் டிவியில் மீன்கள். டிவி மேசையை நகர்த்திப் பார்த்தேன். பாக்ஸிலிருந்து வெளியே வரும் வயர் ஒரு பித்தளைத் துண்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று டிவிக்கும் ஒன்று சுவருக்கும் போயிருந்தது. எட்டு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறேன். ஊரெல்லாம் குனிந்து பார்த்தவள் இங்கே ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

“தெரிஞ்சு போச்சா?” என்றார் அப்பா.

“என்னப்பா இது?”

“கம்பத்துல கை வெக்கல. தெருவுல வயர் இழுக்கல. நீ சொன்னது ஒண்ணையும் நான் மீறலயே.”

“எதெது மாட்டும்னு சொன்னேன்பா நான்!”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேலை போய்விடும் என்று கத்தினேன். போட்டோ ஒட்டுவார்கள் என்று கத்தினேன். உங்கள் மாப்பிள்ளை கட்டிலில் படுத்திருக்கிறார், நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் படம் காட்டுகிறீர்கள் என்றேன். சொல்லக் கூடாததுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பஸ்ஸில் பயணிகள் திட்டும்போது டிரைவர் கேட்டுக்கொள்கிற மாதிரி, நேராக முன்னால் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

“அந்தம்மா வீட்ல எப்பவும் சத்தம் இருக்கும். மெஷின் ஓடும், டிவி ஓடும். அந்த மாசம் ஒண்ணுமே கேக்கல. செவுத்துக்கு அந்தாண்ட ஆள் இருக்கா இல்லையான்னு தெரியல. எனக்குப் பயமா இருந்துச்சு.”

“கதவத் தட்டிக் கேட்டிருக்கலாமே?”

“அதான் பேசுறதில்லையே.”

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அதே பதில். நான் முகம் கழுவிக்கொண்டு வந்து, நிதானமாகச் சொன்னேன். அவங்க பேர்ல புதுசா ஒரு பாக்ஸ் போட்டுக் கொடுத்துடலாம். நான் பாத்துக்கிறேன். அவங்களுக்கு அவங்க ரிமோட், உங்களுக்கு உங்க ரிமோட். யாரும் யாரையும் தட்ட வேண்டியதில்லை. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு சுலபமான வழி என்று ஆறுதலாக இருந்தது.

அப்பா சுவரைப் பார்த்தார். “தனியா குடுத்துட்டா, அவங்க என்ன பாக்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“பத்தாம் நாள் வரேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடுவில் இருந்த இரண்டு நாளும் நான் வேறு தெருக்களில் வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் எங்கள் கம்பெனி பாக்ஸை வைத்து மேல்மாடி, கீழ்மாடி இரண்டுக்கும் இழுத்திருந்தார்கள். கீழ்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியவங்களுக்குப் பொழுது போகலைம்மா” என்றாள். எல்லோரும் சொல்வதுதான். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்று அதை எழுதிக்கொள்ளும்போது பேனா நிற்கவே இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. என் அப்பாவுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயம். தெரிந்தேதான் எழுதினேன்.

பத்தாம் நாள் மத்தியானம் நானும் ஏணி அண்ணனும் புது பாக்ஸோடு போனோம். தையற்காரம்மா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “எனக்கு எதுக்குத் தனியா? நானே போட்டு நானே பாத்துக்கவா?” என்றார். நான் ஒன்றும் மறைக்கவில்லை. என் வேலை, அந்தப் படிவம், நான் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “முன்னாடியே சொல்றதுக்கென்ன? உன் வேலையா எனக்கு டிவியா?” என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக்கூட்டிப் பெயர் எழுதும் நேரமெல்லாம் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஏணி அண்ணன் கம்பத்திலிருந்து நல்ல வயர் இழுத்து, பச்சைப் பட்டை கட்டினார். நான் அப்பா வீட்டுப் பக்கம் போய்ப் பித்தளைத் துண்டைக் கழற்றி, சுவருக்குள் இருந்த வயரை இழுத்தேன். இரண்டு முழம்தான் இருக்கும். தூசியோடு வந்தது. அண்ணன் அந்தப் பக்கம் ஓட்டையில் வெள்ளை சிமென்ட் அடைத்தார், அப்புறம் இந்தப் பக்கமும் வந்து அடைத்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கை கழுவும்போது அவரிடம், “யாருங்க இந்த முனைய போட்டது? எங்க ஆபீஸ்ல சேந்துடுங்க” என்றார். அப்பா சிரிக்கவில்லை.

ஐந்தரைக்கு எண் மின்னியது. அப்பா டிவியில் அப்பா எண். பக்கத்து வீட்டில் வேறு எண் என்று அண்ணன் போனில் சொன்னார். என் வேலை பிழைத்தது. கொஞ்ச நேரம் அப்பா கட்டிலிலேயே படுத்துவிட்டேன்.

எழுந்தபோது ஏழு ஆகப் போகிற நேரம். சீரியல் நேரம். அப்பா நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்திருந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெண் அழுகிற சத்தம். அப்பா ஒரு சேனல் மாற்றினார், கொஞ்சம் சத்தம் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. பத்துப் பதினைந்து சேனல் தள்ளி அழுகிற பெண்ணைக் கண்டுபிடித்துச் சத்தத்தை வைத்தபோது, அந்தப் பக்கம் பெண் இல்லை. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் செய்தியைத் தேடிப் போனார். செய்தி வந்ததும் அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிப்பைத் தேடிப் போனார்.

நாலைந்து முறை ஆன பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தம்மாவும் தேடிக்கொண்டிருந்தார். இவர் போட்ட சத்தத்தைக் கேட்டு அவர் அங்கே போகிறார், அவர் விட்டுவந்த இடத்துக்கு இவர் போகிறார். இரண்டு பேர் கையிலும் ரிமோட். எனக்கு அழுகை வந்தது. சமையல்கட்டுக்குப் போய் டீ வைத்தேன், இறக்கும்போது கையில் ஊற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அப்பா மாற்றுவதை நிறுத்தியிருந்தார். ஏதோ ஒரு சேனலில் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துவிட்டு, ரிமோட்டைக் குடத்தின் மூடி மேல் வைத்திருந்தார். விளம்பரம் ஓடியது. சோப்பு. அது முடிந்து பெயின்ட். பெயின்ட் முடிந்து கால்வலித் தைலம். நான் டீயை நீட்டினேன், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. நாலாவது விளம்பரமும் வந்துவிட்டது. என் அப்பா இத்தனை விளம்பரத்தைத் தொடர்ச்சியாகப் பார்த்து நான் கண்டதில்லை.

பக்கத்து வீட்டு டிவி பட்டென்று நின்றது. சுவரில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு வேகவேகமாக நாலைந்து.

“அப்பா, தட்டுறாங்க” என்றேன். அவர் அசையவில்லை. பயந்துவிடப் போகிறார்களே என்று நான் சுவர் பக்கம் எழுந்தேன். அப்பா திரும்பாமலே கையை மட்டும் காட்டினார், உட்காரு என்று.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள். தையற்காரம்மாவுடைய முழங்கால் வலி நடை, ஒரு கால் வைத்து, நின்று, அடுத்த கால் வைத்து, எங்கள் வாசலை நோக்கி வந்தது. டிவியில் ஒரு குழந்தை வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்பா டீயைத் தரையில் வைத்துவிட்டு, கலைந்திருந்த தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டு, அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.